அக்கா சொன்ன நேரம்

அந்த வாட்ச் கையில் இருப்பதே தெரியாது. அவ்வளவு மெலிசு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்களே, தேதி காட்டாது, கிழமை காட்டாது, சாவி கொடுக்க வேண்டாம், ஒரு செல் போட்டால் அது பாட்டுக்கு ஓடும், அந்த மாதிரி ஒன்று. விலையும் அதிகம் இல்லை. தங்க நிறம் தேய்ந்த இடங்களில் வெள்ளையாகத் தெரியும். அக்கா அதை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். மணி பார்க்க வேண்டுமானால் உள்ளங்கையை விரிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் சாமியிடம் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. அவர் என்னோடு கூடப் பிறந்தவர் இல்லை. கல்யாணமாகி பெரிய காஞ்சிபுரத்தில் இந்தத் தெருவுக்கு வந்த வாரமே எதிர் வீட்டிலிருந்து சொம்பில் மோர் கொண்டு வந்து கொடுத்தவரை அக்கா என்று கூப்பிட்டேன். அது அப்படியே நின்றுவிட்டது.

தெருவில் எல்லார் வீட்டிலும் தறி. அக்கா வீட்டுக்காரரும் தறிதான். அக்கா மட்டும் வேலைக்குப் போனார். பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருந்தது, இப்போது அது இல்லை. அங்கே பிரசவ அறையில் உதவிக்கு இருந்தார். படிப்பு என்று ஒன்றும் இல்லை. துணி எடுத்துக் கொடுப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, குழந்தையைத் துடைத்து வெளியே கொண்டு வந்து காட்டுவது. ஆனால் அந்த அறையில் அவருக்கு மட்டுமே உரிய வேலை ஒன்று உண்டு. நேரம் சொல்வது.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்த நேரம் சின்ன விஷயம் இல்லை. அதை வைத்துத்தான் ஜாதகம். ஜாதகத்தை வைத்துத்தான் பெயர் வைப்பது, படிப்பு, கல்யாணம் எல்லாம். அந்த அறையின் சுவர்க் கடிகாரம் பாதி நாள் நின்றிருக்கும். டாக்டரம்மாவுக்குக் கடிகாரம் பார்க்க ஏது நேரம். குழந்தையின் முதல் அழுகை கேட்டதும் அக்கா உள்ளங்கையை விரிப்பார். அவர் சொல்வதை நர்ஸ் எழுதிக்கொள்வாள். கோயில் தெருவில் இருந்த ஜோசியர்கூட, "யாரு பாத்த நேரம்? அந்தம்மாவா? அப்போ செரி" என்றுதான் சோழியை எடுப்பார்.

காலையில் ஏழு மணிச் செய்தி ஆரம்பிக்கும்போது அக்கா டிவிக்கு முன்னால் போய் நிற்பார். செய்தி கேட்க இல்லை, முள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை வாட்சுக்குள் தண்ணீர் போய்விட்டது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு அன்றைக்கெல்லாம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே திரிந்தார். வாட்ச் பழசாகி நின்றுபோனால் அதே மாதிரி இன்னொன்று வாங்குவார். கல்யாணத்துக்குப் போனாலும் அதுதான், காய்கறிக்குப் போனாலும் அதுதான். அவர் மகன் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில், கையில் கட்டினால் நாடித் துடிப்பெல்லாம் காட்டும் என்று ஒரு பெரிய வாட்ச் வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா அதைக் கட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார்.

"என் நாடி எப்பிடி ஓடுதுன்னு எனக்குத் தெரியும்பா. இது எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்லிக்கினு."

பெரிய ஜவுளிக்கடை வீட்டு மருமகளுக்கு அங்கே பிரசவம் ஆனபோது நடந்ததை எங்கள் தெரு ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. கொஞ்சம் முன்னால் பிறந்ததாகச் சொன்னால் பிள்ளைக்கு ராஜயோகம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா முழுப் பட்டுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாராம்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கொறச்சுச் சொல்லக்கூடாதா?"

"கொறைக்கறதெல்லாம் உங்க கடையில வெச்சுக்கோங்கம்மா. ஆடித் தள்ளுபடி இங்க கெடையாது."

புடவை வந்த வழியே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அக்கா சொன்ன நேரம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியது அக்காவின் வாட்சைக் கட்டிக்கொண்டுதான். அக்காவே காலையில் வந்து கட்டிவிடுவார். "திரும்பத் திரும்ப இதையே பாக்காத. கடைசில ஒரு தபா பாரு, போதும்" என்பார். பரீட்சை முடிகிற வரைக்கும் அவர் மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, பிறந்த குழந்தையின் தோல் மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் என்னிடம் அன்பாக இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்பாக இருந்தார். அதுதான் இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.

எனக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதுதான் இவள். வலி எடுத்து உள்ளே போனபோது என் மாமியார் பஞ்சாங்கத்தோடு வெளியே நின்றார். அன்று காலையில் ஆயில்யம் முடிந்து மகம் ஆரம்பிக்கிறது. ஆயில்யத்தில் பிறந்த பெண் போகிற வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் வீட்டிலும் ஜாதகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் காகிதம் திரும்பி வந்துவிடும். "பொட்டப் புள்ளையாப் பொறந்தா ஆயில்யத்துல மட்டும் வேணாம். இதுங்கிட்டச் சொல்லி வைங்க" என்று மாமியார் நர்சிடம் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. என்னமோ நான் கையில் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

அக்கா தன் மணிக்கட்டை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"வெளிய கேக்காத. இந்த நொடி முள்ளப் பாரு. இது ஒரு சுத்து வரதுக்குள்ள வலி விட்டுடும். அம்மா காமாட்சின்னு சொல்லிக்கினே பாரு."

அந்த முள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் அம்பாளையும் முள்ளையும் சேர்த்தே பிடித்துக்கொண்டேன். பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "மகம் பொறந்து தப்பிச்சா மகராசி. அந்தம்மா சரியாப் பாத்துச் சொல்லிச்சு" என்றார்.

அக்கா மகனும் என் மகளும் இந்தத் தெருவிலேயே வளர்ந்தவர்கள். அவன் டிப்ளமோ படித்துவிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். இவள் பட்டப்படிப்பு முடித்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். ஒருத்தருக்கொருத்தர் பிடித்துப் போயிற்று. மறைக்கவில்லை, இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சொன்னார்கள். ஒரே ஜனம், ஒரே தெரு. நான் ஏகாம்பரநாதர் கோயிலில் போய் விழுந்து கும்பிட்டேன். என் பெண் போகிற இடத்தில் மாமியார் எப்படி இருப்பாரோ என்ற கவலையே எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் எல்லாம் வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தார்.

"உக்காரும்மா. காபி போடறேன்."

"காபி இருக்கட்டும் அக்கா. மொதல்ல தட்ட வாங்கிக்கோங்க."

அவர் வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"எம்புள்ள சொன்னான். வேணாம்னு சொல்லிட்டேம்மா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "இன்னும் சம்பந்தியே ஆவல, அதுக்குள்ள மாமியார் முறுக்கா?" என்று சிரித்தேன்.

"ஜாதகம் சேராதும்மா."

"பிரிச்சே பாக்கலயே நீங்க. ஜோசியர் பொருத்தம் நல்லாருக்குதுன்னு வாயாரச் சொன்னாரு. மகத்துக்கும் உங்க பையனுக்கும்..."

"மகம் இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"உம்பொண்ணு மகம் இல்லம்மா. ஆயில்யம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை. பால் கருகும் வாசனை வந்த பிறகுதான் அக்கா திரும்பி அணைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்க மாமியார் வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சு. உனக்கு ரத்தம் நிக்கல. மயக்கமாக் கெடக்கற. ஏற்கெனவே ரெண்டு போனதுக்கே உன்ன என்னா பாடு படுத்துச்சுன்னு எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணத் தூக்கிக்கினு போயி ஆயில்யம்னு எப்பிடிச் சொல்லுவேன்? முள்ளு எங்க நின்னுச்சுன்னு இன்னிக்கும் என் கண்ணுலயே இருக்குது. மகம் பொறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. தள்ளிச் சொல்லிட்டேன்."

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார், இத்தனை வருஷம் மனதில் சுமந்திருக்கிறார். அதனால் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அதுல நம்பிக்கை இல்லாமதானே அக்கா மாத்திச் சொன்னீங்க? இப்போ மட்டும் ஏன் பாக்கறீங்க?"

"நம்பிக்கை இல்லாம இருந்தா உள்ளதையே சொல்லியிருப்பேனேம்மா. பயந்துதான் மாத்துனேன்."

"அப்போ நாங்க வேற எடத்துல குடுத்திருந்தா? மகம்னு நெனச்சு எடுத்துக்கினு இருப்பாங்களே. அந்த வீட்டு மாமியார் கதி?"

அக்கா திரும்பினார். உள்ளங்கையை விரித்து, பார்க்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லாமல் மணி பார்த்தார்.

"அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாதில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெண்ணை மடியில் போட்டு வளர்த்தார். வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டி அனுப்பினார். அவள் தலையைத் தடவிய ஒவ்வொரு தடவையும், இது யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம், என் வீட்டுக்கு மட்டும் வரக் கூடாது என்று உள்ளே ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

"வேற யாருக்கெல்லாம் இப்பிடித் தள்ளிச் சொன்னீங்க?"

"உனக்கு மட்டுந்தாம்மா. சத்தியமா. உன்னக் கூடப் பொறந்தவளா நெனச்சேன்."

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருவைக் கடப்பதற்குள் மூன்று பேர், "என்னாம்மா, தட்டு முழுசாத் திரும்பி வருது?" என்று கேட்டார்கள்.

அக்கா மகனை என் மகள் கோயில் குளத்தங்கரையில் பார்த்துப் பேசினாள். அவன் என்ன சொன்னான் என்று வந்து சொன்னாள். அழவில்லை.

"நாளைக்கு அவங்கம்மாவுக்கு ஒரு ஜுரம் வந்தாக்கூட என் மூஞ்சியப் பாத்தா அவனுக்கு இந்த ஆயில்யந்தான் ஞாபகம் வருமாம். பொய் சொல்லாம சொல்லிட்டான்மா. அந்த வரைக்கும் நல்லவன்."

"அவங்கம்மாவ என்னா சொல்றது?"

"அவங்க பயப்படறாங்க. பயப்படறவங்கள என்னா பண்ணுவ நீ?"

அவள் டீச்சர், அவளுக்கு அப்படிப் பேச வரும். எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் தறியிலிருந்து இறங்கவே இல்லை. பாவு நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மகம்னே இருக்கட்டும் விடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"அம்பாளுக்குத் தெரியுங்க."

"அம்பாளுக்கு அன்னிக்கே தெரியும். அது ஒண்ணும் சொல்லல இல்ல?"

ஆனால் மாதா மாதம் மகம் நட்சத்திரத்தன்று காமாட்சியம்மன் கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டு வந்தவள் நான். ஜுரம் வந்தாலும் தீட்டு இல்லாவிட்டால் போய்விடுவேன். இத்தனை வருஷமும் குருக்கள் வேறு எந்தப் பெண்ணுக்கோ வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று தோன்றியது. அடுத்த மாதம் வரிசையில் நின்று, "நட்சத்திரம்?" என்று அவர் கேட்டதும் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தெருவில் யாருக்கும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. அக்கா பெயர் கெடக் கூடாது என்று இல்லை. அவர் சொன்ன நேரத்தில் ஜாதகம் எழுதி, கல்யாணமாகி, பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. எனக்கு மட்டும்தான் மாற்றினார் என்று அவர் செய்த சத்தியத்தை நானே நம்பவில்லை. அவர்கள் எப்படி நம்புவார்கள்? என் வீட்டில் விழுந்த இடி என் வீட்டோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா நல்ல குண்டு, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பவர். என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எங்கூட வந்து சீரியல் பாக்கறதுக்குத்தான் மருமக தேடறேன்" என்றார். அவரைப் பிடித்துப் போனதால்தான் என்னால் மறைக்க முடியவில்லை. அடுப்படிக்குத் தனியாகக் கூப்பிட்டு, நேரம் தப்பாகக் குறித்திருக்கிறது, பெண் ஆயில்யம் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒளிக்காம சொன்னியேம்மா, நல்லாருப்ப" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அப்படியே இன்னும் சில வீடுகள். கடைசியில் தரகர்தான் வழி சொன்னார். "இந்த நட்சத்திரத்துக்கு மாமியார் இல்லாத எடமாத்தாம்மா பாக்கணும். அங்க பேச்சே இருக்காது."

அதற்குப் பிறகு வரன் வந்தால் பையன் என்ன படிப்பு, என்ன வேலை என்று நான் முதலில் கேட்கவில்லை. அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றால் போனை வைத்துவிடுவேன்.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து என் மருமகன் அமைந்தார். நல்ல பிள்ளை, மெதுவாகப் பேசுவார். என் மகளும் அவரோடு பேசிப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தித்தான் சம்மதம் சொன்னாள். அவள் அவரோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தார். தெருவில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் வைக்காமல் இருக்க முடியாது. மாங்கல்யம் எடுத்து வரும்போது வழக்கம் போல யாரோ, "அக்கா, மணி என்னா?" என்று கேட்டார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது. இருந்தும் அவரைத்தான் கேட்டார்கள். அக்கா உள்ளங்கையை விரித்து நேரம் சொன்னார். நான் மட்டும் மேடையிலிருந்து என் வீட்டுக்காரரின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். தாம்பூலம் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து, "எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டார். "அடுத்த பந்தி உக்காருது அக்கா, சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன். சாப்பிட்டாரா என்று பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் மகனுக்குச் சென்னையில் வேலை மாறிக் குடும்பமே போய்விட்டது. எதிர் வீட்டில் இப்போது வேறு ஆட்கள்.

கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். விளக்கேற்ற மாமியார் கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அவர் இல்லாததால் பக்கத்து வீட்டு அம்மா யாரோ செய்தார்கள். பாலும் பழமும் கொடுத்தார்கள். பிறகு மாப்பிள்ளை என் மகளைச் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். மாலை போட்டிருந்தது. "எங்கம்மா" என்றார். என் மகள் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

நான் பின்னால் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, போட்டோ எடுக்கும்போது யாரோ சிரிக்கச் சொல்லிக் கொஞ்சமாகச் சிரித்த முகம். மகனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் திடீரென்று போனவர் என்று சொன்னார்கள். இந்தப் பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார். அவருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்க வேண்டும். தினமும் சாமி கும்பிடுகிறவள், ஒரு பெண்ணைப் பெற்றவள், விட்டிருக்க வேண்டும்.

நல்லவேளை என்று நினைத்தேன்.

அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அக்காவை நான் மன்னித்துவிட்டேனா என்று என் மகள் போனில் எப்போதாவது கேட்கிறாள். அந்தப் படத்துக்கு முன்னால் என் மனதில் வந்த வார்த்தையை அவளிடம் சொல்ல முடியாததால், இன்னும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.